வெளியாளிடம் யோசனை வாங்குவது எப்படி? சிறு தொழிலில் புதிதாக இறங்கியவர்களுக்கு

இட்லிப் பொடி, பருப்புப் பொடி, பூண்டுத் தொக்கு என்று வீட்டிலேயே செய்து விற்கிறவர்கள் ஊருக்கு ஊர் பெருகிவிட்டார்கள். சரக்கு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைக் கம்பியில் பத்து பாக்கெட் தொங்கினால் பத்தும் ஒரே மாதிரி: சிவப்பு, மஞ்சள், ஓரத்தில் ஒரு வாழையிலை, நடுவில் 'பாரம்பரியச் சுவை'. பெயரை விரலால் மறைத்துவிட்டால் எது யாருடையது என்று செய்தவருக்கே தெரியாது.

இந்த இடத்தில்தான் வெளியாள், அதாவது வடிவமைப்பாளர் மாதிரி வெளியிலிருந்து யோசனை சொல்லிச் செய்து தருகிற ஒருவர், தேவைப்படுகிறார். அவரை எங்கே தேடுவது, என்ன கேட்பது, எப்படிக் காசு கொடுப்பது, எதைக் கையெழுத்தாக வாங்குவது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பொடித் தொழிலை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். சோப்பு, மெழுகுவர்த்தி, சுங்குடிச் சேலை என்றாலும் வழி பெரிதாக மாறாது.

என்ன கேட்கப் போகிறீர்கள்?

"ஒரு லோகோ வேணும்" என்று போகிறவருக்கு லோகோ கிடைக்கும். அதனால் ஒரு பாக்கெட் கூடுதலாக விற்குமா என்பது வேறு விஷயம். ஆகவே யாரையும் தேடிப் போவதற்கு முன், கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஒரு சாயங்காலம் உங்கள் சரக்கு தொங்கும் கடையில் ஓரமாக நில்லுங்கள். யார் கையில் எடுக்கிறார்கள், எடுத்தவர் ஏன் திரும்ப வைக்கிறார், கடைக்காரரிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். "காரம் ஜாஸ்தியா இருக்குமா, பிள்ளைக்குக் கொடுக்கலாமா?", "சின்ன பாக்கெட் இல்லையா?", "இதுல உப்பு ஒரு தடவை கூடுது ஒரு தடவை குறையுதே?" இப்படி வருகிற பேச்சை வந்தபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றுக்கும் போக வேண்டிய இடம் வேறு வேறு. கார அளவைப் பார்த்ததும் புரியும்படி காட்டுவது வடிவமைப்பாளர் வேலை. உப்பு கூடிக் குறைவது உணவுத் தொழில்நுட்பம் படித்தவரிடம் கேட்க வேண்டியது. அதற்கு லேபிள் மாற்றிப் பயனில்லை. சின்ன பாக்கெட்டுக்கு யாரும் வேண்டாம், சின்ன பாக்கெட் போட்டால் போதும். வெளியாளுக்குக் கொடுக்க இருந்த காசில் பாதி, பல பேருக்கு, இந்த ஒரு சாயங்காலத்திலேயே மிச்சமாகிவிடும்.

ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

வாய்ப் பேச்சாகச் சொன்னால் அவர் ஒன்று நினைப்பார், நீங்கள் ஒன்று நினைப்பீர்கள். ஒரே பக்கம், தமிழிலேயே எழுதலாம். மாதிரிக்கு ஒன்று:

பொருள்: கருப்பு உளுந்து இட்லிப் பொடி. 100 கிராம், 75 ரூபாய்.
இப்போது வாங்குகிறவர்கள்: எங்கள் ஊரில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள். ஒருமுறை வாங்கியவர்கள் விடுவதில்லை.
சிக்கல்: சென்னையிலும் கோவையிலும் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்கள் கையில் எடுப்பதில்லை. எடுத்தாலும் காரம் எவ்வளவு என்று தெரியாமல் வைத்துவிடுகிறார்கள்.
மாற்றக் கூடாதது: பெயர், செய்முறை, விலை.
மாற்றலாம்: மற்ற எல்லாம். பாக்கெட்டின் வடிவம் உட்பட.
எங்கே தொங்கும்: மளிகைக் கடைக் கம்பியில், கண் உயரத்துக்குக் கீழே, டியூப்லைட் வெளிச்சத்தில்.
பணம்: மொத்தம் 12,000 ரூபாய், திருத்தங்கள் உட்பட.
எப்போது வேண்டும்: தீபாவளிக்கு ஆறு வாரம் முன்பு.

'எங்கே தொங்கும்' என்ற வரியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வடிவமைப்பாளர் வேலை செய்வது பெரிய திரையில், வெள்ளைப் பின்னணியில். அங்கே பளிச்சென்று இருக்கிற மெல்லிய எழுத்து, மளிகைக் கடை மூலையில் காணாமல் போய்விடும்.

இன்னொன்றையும் பாருங்கள்: இந்தப் பக்கத்தில் சிக்கல் இருக்கிறது, தீர்வு இல்லை. 'பச்சைக் கலரில் இலை போட்டு, மேலே வளைவாகப் பெயர்' என்று எழுதிக் கொடுத்தால் அவர் அதையே போட்டுக் கொடுப்பார். அப்போது நீங்கள் வாங்கியது அவர் கையை மட்டும்தான். மூளைக்கு வேலையே கொடுக்கவில்லை. பணத்தை முதலிலேயே சொல்வதில் பலருக்குத் தயக்கம். "முதல்ல அவர் சொல்லட்டும், அப்புறம் பேசிக் குறைப்போம்" என்பது காய்கறிச் சந்தையில் சரி. இங்கே தொகையைச் சொல்லிவிட்டால், அந்தத் தொகைக்கு எவ்வளவு செய்ய முடியும் என்று அவர் யோசிப்பார். முடியாதவர் அப்போதே விலகிக்கொள்வார். இருவருக்கும் நேரம் மிச்சம்.

ஆள் எங்கே கிடைப்பார்?

நம் ஊரில் பெரும்பாலோர் முதலில் போவது அச்சகத்துக்கு. சிவகாசியிலோ பக்கத்து டவுனிலோ அச்சடிக்கக் கொடுத்தால் "டிசைன் ஃப்ரீ" என்பார்கள். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மேசையில் இருப்பவர் ஒரு நாளைக்கு எத்தனையோ லேபிள் முடிக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கிற ஒன்றில் பெயரை மாற்றித்தான் கொடுப்பார், வேறு வழி அவருக்கும் இல்லை. நான் மேலே சொன்ன பத்து பாக்கெட்டும் ஒரே மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம். அச்சகத்தாரை அச்சுக்கும், தாள், மை பற்றிய ஆலோசனைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

என் முதல் தேர்வு கல்லூரி மாணவர்கள். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850-லேயே தொடங்கியது. ஆடை, துணி சம்பந்தப்பட்ட தொழில் என்றால் சென்னை தரமணியில் நிஃப்ட் என்ற ஆடை வடிவமைப்புக் கல்லூரி இருக்கிறது. விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் துறை இன்று பெரும்பாலான மாவட்டங்களில் ஏதாவது ஒரு கல்லூரியில் உண்டு. துறைத் தலைவருக்கு அந்த ஒரு பக்கத்தை அனுப்பி, "மூன்றாம் ஆண்டு மாணவர்களில் ஆர்வமுள்ளவர் யாராவது இருக்கிறார்களா?" என்று கேளுங்கள். ஆண்டு இறுதிக் கண்காட்சிக்கு நேரில் போவது இன்னும் நல்லது: அங்கே சுவரில் தொங்கும் வேலையைப் பார்த்து நீங்களே ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். மாணவர் என்பதால் சும்மா செய்து தருவார் என்று நினைத்துப் போகாதீர்கள். தேர்வு நேரத்தில் அவர் தொலைபேசியை எடுக்கமாட்டார் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தமிழ் எழுத்தையே அழகாக எழுதவைக்க வேண்டும் என்றால், சுவர் விளம்பரமும் கடைப் பலகையும் தூரிகையால் எழுதிய பழைய ஓவியர்களைத் தேடுங்கள். ஃபிளக்ஸ் வந்த பிறகு அவர்களில் பலருக்கு வேலை குறைந்துபோனது. உங்கள் கடைப் பெயரை ஒருவர் தாளில் கையால் எழுதிக் கொடுக்க, அதை ஒரு மாணவர் கணினியில் ஏற்றினால் கிடைக்கும் எழுத்து வேறு எந்தப் பாக்கெட்டிலும் இருக்காது.

இணையத்தில் வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலைகளைக் காட்டும் பெஹான்ஸ் தளம், இன்ஸ்டாகிராம் இரண்டும் வேலையைப் பார்த்து ஆளைப் பிடிக்க உதவும். தேடும்போது ஊர்ப் பெயரையும், 'தமிழ் எழுத்துரு', 'பேக்கேஜிங்' போன்ற சொற்களையும் சேர்த்துத் தேடுங்கள். ஃபைவர், அப்வொர்க் போன்ற தளங்களில் உலகம் முழுவதிலிருந்தும் ஆள் கிடைக்கும், விலையும் பலவிதம். ஆனால் தமிழ் தெரியாதவர் தமிழ் லேபிள் செய்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பொருளிலேயே புதுமை வேண்டும் என்றால், அதாவது எண்ணெய் இல்லாத தொக்கு, ஆறு மாதம் கெடாத சட்னி மாதிரி யோசனைகளுக்கு, தஞ்சாவூரில் இருக்கும் நிஃப்டெம் நல்ல இடம். உணவு பதப்படுத்துதலுக்கான மத்திய அரசு நிறுவனம் அது. சிறு தொழில் செய்கிறவர்களுக்குப் பயிற்சியும் புதிய பொருள் உருவாக்க உதவியும் கிடைக்கும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) தன்னுடைய செய்முறைகளைக் கட்டணத்துக்குத் தருகிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் 'எம்எஸ்எம்இ இன்னோவேட்டிவ்' திட்டத்தில் வடிவமைப்புக்கென்றே ஒரு பிரிவு உண்டு. மாணவர்கள் செய்யும் திட்டம் என்றால் 2.5 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க அதில் வழி இருக்கிறது. உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இல்லாமல் இந்தத் திட்டத்தின் பக்கமே போக முடியாது, அதை முதலில் முடித்துவிடுங்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை.

வாடிக்கையாளர்களை மறந்துவிடாதீர்கள். லெகோ பொம்மைக் கம்பெனி 2008-இல் ஜப்பானில் தொடங்கிய ஒரு ஏற்பாட்டில், யார் வேண்டுமானாலும் ஒரு பொம்மை யோசனையைப் போடலாம். பத்தாயிரம் பேர் ஆதரித்தால் கம்பெனி பரிசீலிக்கும். தேர்வாகி விற்பனைக்கு வந்தால் யோசனை சொன்னவருக்கு நிகர விற்பனையில் 1 சதவீதம். உங்கள் பொடியைத் தயிர் சாதத்தில் போட்டுச் சாப்பிடுகிறேன் என்று ஒரு அக்கா வாட்ஸ்அப்பில் சொல்லி, அதை நீங்கள் பாக்கெட்டின் பின்பக்கம் போட்டால், அவருக்கு ஒரு வருடப் பொடியாவது அனுப்புங்கள்.

போட்டி வைக்கலாமா?

"சிறந்த லோகோவுக்கு 2,000 ரூபாய் பரிசு" என்று அறிவித்தால் ஐம்பது வடிவம் வந்து விழும், அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆசை வரும். போட்டியால் நல்லது நடந்ததற்கு நம் கையிலேயே சாட்சி இருக்கிறது. ரூபாய்க் குறியீட்டை மத்திய அரசு போட்டி வைத்துத்தான் தேர்ந்தெடுத்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன, ஐந்து இறுதிச் சுற்றுக்குப் போயின, நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வரைந்தது 2010 ஜூலையில் மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் பெற்றது. பரிசு 2.5 லட்சம் ரூபாய்.

ஆனால் அங்கே ஒரு நாட்டின் நாணயத்துக்குக் குறி வரைந்த பெருமை காத்திருந்தது. உங்கள் பொடிக்கு அந்த ஈர்ப்பு கிடையாது. வேலை தெரிந்தவர் ஐம்பதில் ஒரு வாய்ப்புக்காக இரண்டு நாள் உட்காரமாட்டார். வருவது பெரும்பாலும் எங்கிருந்தோ இறக்கி நிறம் மாற்றியவை. புதுப் பொருளுக்குப் பெயர் வைக்க, ஒரு வரி வாசகம் எழுத என்று கொஞ்ச நேரத்தில் முடிகிற விஷயங்களுக்குப் போட்டி வையுங்கள். அதற்கும் பரிசு என்ன, கடைசித் தேதி என்ன, தேர்வாகாதவை அனுப்பியவருக்கே சொந்தம் என்பதை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

லேபிள் மாதிரிப் பெரிய வேலைக்கு எனக்குப் பிடித்த வழி வேறு. மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். மூவருக்கும் அந்த ஒரு பக்கத்தையும் இரண்டு பாக்கெட் பொடியையும் கொடுங்கள். பாக்கெட்டின் முன்பக்கத்துக்கு மட்டும் ஒரு பென்சில் வரைவும், 'ஏன் இப்படி' என்று நான்கு வரியும் கேளுங்கள். மூவருக்கும் ஆளுக்கு ஆயிரம் ரூபாய், தேர்வானாலும் ஆகாவிட்டாலும். மூவாயிரத்தில் மூன்று மூளை ஒரே சிக்கலைப் பார்த்துவிடுகிறது. படத்தை விட அந்த நான்கு வரியைக் கவனமாகப் படியுங்கள். 'காரத்தை மிளகாய் எண்ணிக்கையில் காட்டாமல், எத்தனை இட்லிக்கு எத்தனை ஸ்பூன் என்று காட்டலாம்' என்று ஒருவர் எழுதியிருந்தால், அவர் வரைவு சுமாராக இருந்தாலும் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வேலை நடக்கும்போது

ஆள் முடிவானதும் அவரை அடுப்படிக்குக் கூப்பிடுங்கள். உளுந்து வறுபடும் வாசனையும், எந்தப் பதத்தில் இறக்குகிறீர்கள் என்பதும், அம்மிக்கல்லை ஏன் விட்டுவிட்டு மெஷினுக்கு மாறினீர்கள் என்பதும் அவருக்குத் தெரியட்டும். 'இதெல்லாம் எதற்கு' என்று நீங்கள் நினைக்கிற ஒன்றிலிருந்துதான் அவருக்கு யோசனை பிறக்கும்.

வரைவு வந்ததும் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கருத்துக் கேட்பது நல்ல வேலைகளைக் கெடுக்கும் நம்பகமான வழி. சித்தப்பா நீலம் கேட்பார், மைத்துனர் பிள்ளையார் படம் கேட்பார். முடிவெடுப்பவர் ஒருவர், அதிகம் போனால் இருவர். மாற்றம் சொல்லும்போது "ஏதோ குறையுது", "பளிச்சுன்னு இல்ல" என்று சொல்லாமல், எங்கே எது தடுக்கிறது என்று சொல்லுங்கள்: "நாலடி தள்ளி நின்றால் பெயர் படிக்க முடியவில்லை", "இது ஊறுகாய் என்று கடைக்காரர் நினைத்துவிட்டார்". அதை எப்படிச் சரிசெய்வது என்பதை அவரிடம் விடுங்கள். எத்தனை தடவை திருத்தம் என்பதை ஆரம்பத்திலேயே பேசி வைக்க வேண்டும். பொதுவாக இரண்டு அல்லது மூன்று தடவை.

காசு விஷயத்தில், தொடங்கும்போது ஒரு பங்கு, வரைவு முடிவானதும் ஒரு பங்கு, கோப்புகள் கைக்கு வந்ததும் மீதி என்று பிரித்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. பாதியில் நிறுத்த நேர்ந்தால் அதுவரை செய்த வேலைக்குக் கணக்கு முடித்துவிடுங்கள். சின்ன ஊரில் இந்தப் பேச்சு வேகமாகப் பரவும், நல்லதும் கெட்டதும்.

எழுத்தில் வாங்க வேண்டியது

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும்: வெளியாள் செய்த லோகோவுக்குக் காசு கொடுத்துவிட்டீர்கள் என்பதாலேயே அதன் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அந்த வேலையில் செய்தது பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம் போன்ற சிலவற்றிலும் சட்டம் உங்கள் பக்கம். மற்றபடி வெளியாளின் படைப்பு அவருடையது. அவர் கையெழுத்துப் போட்டு எழுத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் உங்களுடையது.

அந்த எழுத்திலும் மூன்று ஓட்டைகள் உண்டு. காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை ஐந்து ஆண்டுதான். எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். சிங்கப்பூருக்கு அனுப்ப ஆரம்பித்தால் சிக்கல். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். எனவே இப்படி ஒரு பத்தி போதும்:

"மேற்கண்ட லேபிள் வடிவமைப்பின் பதிப்புரிமையை, அதன் முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும், எல்லா வகைப் பயன்பாட்டுக்கும், ரூபாய் ____ பெற்றுக்கொண்டு ____ அவர்களுக்கு மாற்றிக் கொடுக்கிறேன். ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டாலும் இந்த உரிமை காலாவதியாகாது. இதில் உள்ள படங்களும் எழுத்துருக்களும் முறையான உரிமத்தோடு பயன்படுத்தப்பட்டவை. என் வேலை மாதிரிகளில் இதைக் காட்டிக்கொள்ள எனக்கு அனுமதி உண்டு."

தேதி, இருவர் கையெழுத்து. கடைசி வரியைச் சேர்க்க மறக்காதீர்கள். இளம் வடிவமைப்பாளருக்கு அது காசுக்குச் சமம். மாணவருக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நிரம்பவில்லை என்றால் அவர் போடும் ஒப்பந்தம் செல்லாது.

அச்சுக்குப் போவதற்கு முன்

தமிழ் தெரியாத கணினியும் தமிழ் தெரியாத ஆளும் சேர்ந்தால் 'கொத்தமல்லி' என்பதில் ஒற்றைக் கொம்பு க-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். சில வடிவமைப்பு மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால் இப்படித்தான் உடையும். ஆங்கிலத்தை மட்டும் பார்த்துவிட்டு "ஓகே" சொல்லாதீர்கள். தாளில் அச்செடுத்து, வேலையில் சம்பந்தப்படாத ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் எழுத்தையெல்லாம் கர்வ் ஆக்கித்தான் (எழுத்தைப் படக் கோடுகளாக மாற்றித்தான்) அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் மறுபடி உடையும். கர்வ் ஆக்காத ஓப்பன் ஃபைல் ஒன்றையும் கட்டாயம் வாங்கி வையுங்கள். நாளைக்கு விலை மாறினால் அதில்தான் திருத்த முடியும். எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு. கூகுள் ஃபான்ட்ஸில் ஹிந்த் மதுரை, மீரா இனிமை, பாலூ தம்பி போன்றவை வியாபாரத்துக்கும் இலவசம்.

லேபிளில் சட்டப்படி இருக்க வேண்டியவற்றுக்கு வடிவமைப்பாளரை முன்கூட்டியே இடம் விடச் சொல்லுங்கள்: சேர்மானங்கள் (எடை அதிகமானது முதலில்), ஊட்டச்சத்து விவரம், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டமாக சைவக் குறி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க எண், நிகர எடை, வரிகள் உட்பட அதிகபட்ச விலை, கிராமுக்கு என்ன விலை, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பேட்ச் எண், முகவரி, புகாருக்குத் தொலைபேசி. அழகாக முடித்த பிறகு இதையெல்லாம் திணித்தால் எந்த வடிவமும் தாங்காது.

கடையில் வைத்துப் பாருங்கள்

அச்சடித்த பவுச்சுக்கு உடனே போகாதீர்கள். அதற்குப் பயன்படும் கிராவூர் என்ற அச்சு முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர் செதுக்க வேண்டும், அளவும் பெரிதாக எடுக்கச் சொல்வார்கள். வெறும் பவுச்சில் டிஜிட்டல் ஸ்டிக்கர் ஒட்டினால் இருநூறு, முந்நூறு பாக்கெட் அளவுக்குச் செய்து பார்க்கலாம். ஒரே கடையில் இரண்டு வாரம் பழையது, இரண்டு வாரம் புதியது. இரண்டிலும் சம்பள நாள் வராமலோ, இரண்டிலும் வரும்படியோ பார்த்துக்கொள்ளுங்கள். விற்ற எண்ணிக்கையோடு, பழைய கேள்விகள் இன்னும் வருகின்றனவா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். "காரமா இருக்குமா?" என்று இன்னும் கேட்கிறார்கள் என்றால் லேபிள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேலை முடியவில்லை, வடிவமைப்பாளரிடம் அதைச் சொல்லி மீதமுள்ள திருத்தத்தைப் பயன்படுத்துங்கள்.

பெயரைப் பதிவது

வெளியாள் புதுப் பெயர் வைத்துக் கொடுத்தால், லேபிள் வேலைக்கு முன்பே வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். தேடக் கட்டணம் இல்லை. ஒரே எழுத்துக்கூட்டலை மட்டும் தேடாமல், ஒலி ஒத்த பெயர்களையும் தேடுங்கள். பதிவகம் பொருட்களை வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறது: பொடி, மசாலா 30-ஆம் வகுப்பு, ஊறுகாய் 29. இணையம் வழி விண்ணப்பிக்க, தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பதிவு பத்து ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் லோகோவை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் சொல்லாகப் பதியுங்கள். லேபிளை அடுத்த வருடம் வேறொருவர் மாற்றி வரையலாம். அப்போதும் அந்தப் பதிவு நிற்கும்.